ஆன்றோவின் பட்டன்

கார்த்திகைப் புயல் எங்கள் துறையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகுகளைக் கொண்டுபோய், ஒன்றையும் திருப்பித் தராமல், பிறகு ஒன்றுமே நடவாததுபோல வெயிலும் நீலமுமாகக் கடலைக் கிடத்தி வைத்திருந்த நாட்களில் ஒரு பிற்பகல், மெற்றில்டா தன் அண்ணன் ஆன்றோவின் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கினாள். அமுக்கியதும் திரையில் நின்றிருந்த நாய் திரையில் இல்லை, முற்றத்துக் குழாயடியில் நின்று சொட்டுகிற தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவள் அடுத்த வீட்டு றோஸ்லெற். அவள் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். "மெற்றில், ஒனக்க அண்ணனுக்க நாயி வெளிய வந்து நிக்கி, வாசல் படலைய சாத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து உதறினாள். அவள் புருஷன் செலஸ்டினும் ஆன்றோவின் படகில்தான் போயிருந்தான். போன ஆள் திரும்பவில்லை என்பதையே நம்ப முடியாமல் இருந்தவளுக்கு, ஒரு நாய் வந்ததை நம்புவதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நாயைத் தெரியாதவர்கள் எங்கள் துறையில் கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கட்டிக் கிடக்க, வலை பின்னியும் சீட்டு விளையாடியும் சலித்துப்போன ஆண்கள் ஆன்றோவின் வீட்டு முன்னறையில் திரு இருதயப் படத்துக்குக் கீழே வந்து குந்தி, எங்கோ ஒரு தேசத்துக்காரன் செய்த விளையாட்டை அவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் முகம் தெரியாதவர்கள் வந்து கூடுகிற அந்த விளையாட்டில் பனிமலையும் இடிந்த கோட்டையும் உண்டு, ஒவ்வொருத்தனுக்கும் கூடவே நடக்க ஒரு வளர்ப்பு மிருகமும் உண்டு, ஊரெல்லாம் புலியும் கழுகும் வைத்துக்கொள்ள ஆன்றோ மட்டும் ஒரு கறுப்பு நாயை வைத்துக்கொண்டு அதற்குச் சுக்கான் என்று பேரும் போட்டிருந்தான். படகைத் திருப்புகிற சாமானின் பேரை நாய்க்கு வைப்பானா ஒருத்தன் என்று நாங்கள் கேலி செய்தோம். "நான் திரும்புனா அதும் திரும்பும், பின்ன என்ன பேரு வைக்க" என்றான்.

வலை இழுக்கிற வின்ச்சில் ஓடிய வடம் ஆன்றோவின் வலது கையில் சுட்டுவிரலைத் தின்றிருந்தது. ஒரே நேரத்தில் பல பட்டன்களை அமுக்கி நாயை ஏவுவது அவனால் ஆகாது. அவன் ஒன்றை அமுக்கி அடுத்ததைத் தேடுவதற்குள் நாய் கடிபட்டுக் கீழே விழுந்துவிடும். அதனால் அவனுக்காக மெற்றில்டா எழுதிக் கொடுத்தாள். ஜங்ஷனில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண், யாரும் கற்றுக்கொடுக்காமல் தானே தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டு, ஒரு பட்டனுக்குள்ளே பல கட்டளைகளை வரிசையாகச் சுருட்டி வைக்கிற வித்தையைப் பிடித்துவிட்டாள். இதை அமுக்கினால் சுக்கான் வரும், அதை அமுக்கினால் நிற்கும், இன்னொன்றை அமுக்கினால் ஓடிப்போய் விழுந்து கிடப்பதை மோந்து கண்டுபிடித்து வாயில் கவ்விக்கொண்டு வந்து காலடியில் போடும். ஒரு கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் 'காத்திரு' என்று எழுத வேண்டும் என்பாள், இல்லாவிட்டால் நாய் முதல் வார்த்தையை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் கேட்கும். "கேட்டியளா, நாயிக்கும் மூச்சு விட நேரம் வேணுமாம்" என்று ஆன்றோ எங்களைப் பார்த்துச் சொல்வான். எங்களுக்குப் பெருமையாக இருக்கும், என்னவோ நாங்களே எழுதியதுபோல.

ஆன்றோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. பனைபோல் வளர்ந்த ஆள், ஆளுயரக் கடல்திரை எழும்பி வந்தாலும் படகின் முன்முனை அணியத்தில் நின்று சிரிக்கிறவன், ஆனால் இருட்டு என்றால் அவனுக்கு ஆகாது. கல்யாணமாகி சுஜிலா வந்த பிறகும் அவன் படுக்கிற அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பு விடிய விடிய எரியும். படகிலும் மற்றவர்கள் கீழே படுக்க, இவன் சுக்கான் அறை விளக்குக்கு அடியில் சுருண்டு கிடப்பான். வெகுநாளாய்க் கைம்பெண்ணான அவன் அம்மா வியாகுலம்மை மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எனக்க பிள்ள பெத்த அன்னைக்கி கரண்டு போச்சு, அந்தப் பயம்" என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்வாள். இதைச் சொல்லி நாங்கள் சிரிக்காத நாள் இல்லை.

வெளியே வந்த சுக்கானை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டோம். அதன் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பச்சை எழுத்தில் அதன் பேர் மிதந்துகொண்டேயிருக்கும். றோஸ்லெற் ஈ விரட்டுவதுபோல் முந்தியை வீசிப் பார்த்தாள், எழுத்து கலைந்து மறுபடியும் கூடியது, அதற்குப் பிறகு விட்டுவிட்டாள். விளையாட்டில் ஆன்றோ கடைசியாக அதை நிறுத்திவிட்டுப் போனது ஒரு சாயங்காலமாம், அதனால் உச்சி வெயிலிலும் மழையிலும் அதன் முதுகில் மட்டும் மஞ்சள் சாய்வெயில் விழுந்துகொண்டேயிருந்தது, அது வந்து படுக்கிற மூலையில் விளக்குப் போட வேண்டியதில்லை. சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி உட்காரும். தெருநாய்கள் அதைக் கண்டால் குரைக்காமல் எழுந்து வழிவிட்டன. டீக்கடையில் கொஞ்சநாள் பேச்சு இருந்தது, பிறகு புயல் நிவாரணப் பேச்சு வந்து அதை மூடிவிட்டது.

சுக்கான் எதற்கு வந்தது என்பது றோஸ்லெற்றால்தான் தெரிந்தது. அவள் ஒரு நாள் வேலையெல்லாம் முடித்து வந்து மெற்றில்டாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, யாரிடமும் இல்லாமல், செலஸ்டின், செலஸ்டின் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எடுத்து வா என்கிற கட்டளையில் எதை என்று ஒரு பேர் எழுதுகிற இடம் உண்டு. மெற்றில்டாவின் விரல் காதில் விழுந்ததை அந்த இடத்தில் எழுதி, ஒரு பட்டனில் கட்டி, அமுக்கிவிட்டது. நாய் எழுந்தது, ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, சந்து வழியே ஓடி, மணலைத் தாண்டி, திரையடிக்கிற இடத்திலும் வேகம் குறையாமல் அப்படியே கடலுக்குள் ஓடியது. தண்ணீருக்கடியில் அதன் முதுகு வெளிச்சம் மஞ்சளாய்ப் போய்க்கொண்டிருப்பதைக் கரையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், அது சிறுத்துச் சிறுத்து ஆழத்தில் மறைகிறவரை பார்த்தார்கள். தண்ணீர் வற்றி மறுபடி ஏறுகிற நேரத்தில் திரும்பி வந்து றோஸ்லெற்றின் மடியில் எதையோ போட்டது. செலஸ்டின் கழுத்தில் போட்டிருந்த மாதா உத்தரியம். நூல் அறுந்தபோது அவளே நீல நூலால் தைத்துக் கொடுத்த முடிச்சு அப்படியே இருந்தது. புயலுக்குப் பிறகு கண்ணில் ஒரு சொட்டு வராமல் வீட்டு வேலையாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் அழுதாள். எங்கள் துறை முழுக்கக் கேட்டது.

எங்கள் துறையில் ஆள் கிடைக்காமல் மணி அடிக்கிற வழக்கமில்லை. உடல் வேண்டும், பெட்டி வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவில் வாசல் வந்தால்தான் மணி. கோவிலுக்குள்ளும் ஒரு முறை இருக்கிறது: இடதுபக்கம் முன்னால் இருக்கிற பெஞ்சுகள் கைம்பெண்களுக்கு, பின்னால் இருக்கிறவை கட்டினவன் உயிரோடு உள்ளவர்களுக்கு. புயலுக்குப் பிறகு இரண்டிலும் உட்கார முடியாத பெண்கள் வாசல் பக்கம் தீர்த்தத் தொட்டியருகே நின்றே பூசை கண்டார்கள். பெஞ்சுகள் பாதி காலியாகக் கிடக்க, தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம் நெரியும். பங்குச்சாமியார் உட்காருங்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். றோஸ்லெற் உத்தரியத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டியபோது அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். நாய் கொண்டுவந்ததைத் திருச்சபை என்ன சொல்லும் என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பெட்டி செய்யச் சொன்னார். மணி அடித்தது. அடுத்த ஞாயிறு றோஸ்லெற் இடதுபக்கம் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததை மற்ற பெண்கள் தொட்டியருகிலிருந்து பார்த்த பார்வையில் இரக்கமும் இருந்தது, சொன்னால் வெட்கம், பொறாமையும் இருந்தது.

பிறகு எல்லோரும் வந்தார்கள். மெற்றில்டாவின் வீட்டு வாசலில் சூசை நவநாள் கூட்டம்போல் ஆனது. ஒவ்வொருவருக்கும் அவ்வப்போது எழுதி மாளாது என்று அவள் வீட்டுக்கு ஒரு பட்டனாகக் கட்டி வைத்தாள், அதில்தான் சண்டை வந்தது. எங்கள் ஆண்களில் பாதிப்பேருக்கு சூசை, சகாயம், செல்வன் என்றே பேர். 'எஸ்' பட்டன் ஒன்றுதான் இருக்கிறது. முதலில் பதிந்தவர்களுக்கே என்றார்கள் சிலர், மூத்தவருக்கே என்றார்கள் சிலர், பழைய வேலித் தகராறு உள்ள இரண்டு வீட்டார் எங்கள் பட்டன் அவர்கள் பட்டனுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று பங்குப் பேரவை வரை போனார்கள். "எழுத்துக்கும் ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, எந்தப் பட்டன்ல நான் எழுதுறனோ அதான் அவரு" என்று மெற்றில்டா தொண்டை வற்றச் சொன்னாள். யார் கேட்டார்கள். பட்டன்தான் ஆள் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். பெண்கள் வந்து தங்கள் பட்டனை முந்தியால் துடைத்தார்கள், ஒருத்தி குனிந்து முத்தமிட்டாள், இன்னொருத்தி தினமும் ஒரு பிச்சிப்பூவை அதன்மேல் வைத்துவிட்டுப் போக, பூ சாய்ந்து நாய் தேவையில்லாமல் முற்றத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி, கடலுக்குள் போகிற நாய்க்கு அனுமதி உண்டா என்று கேட்டு, தலைக்கு மேலிருந்த பச்சை எழுத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, படத்தில் அது விழவில்லை என்று கண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

சுக்கான் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு அரைஞாண் கயிறு, ஒரு வீட்டுக்கு டார்ச் லைட், ஒரு வீட்டுக்குப் பாதி பீடிக்கட்டு. பட்டனை அமுக்குகிற கை வீட்டாருடையதாகவே இருக்க வேண்டும் என்று ஒரு பழக்கமும் தானாக உண்டாகிவிட்டது. மணி அடித்துக்கொண்டேயிருந்தது, மணி அடித்த வீட்டில் அழுகை முடிந்த மறுநாள் அடுப்பு பற்றவைத்தார்கள், அடுப்பு பற்றவைத்ததும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். தொட்டியருகே கூட்டம் குறைந்துகொண்டே வந்தது.

ஆன்றோவின் பட்டன் 'ஏ'. அதை மெற்றில்டா, றோஸ்லெற்றுக்குப் பிறகு, மற்ற எல்லோருக்கும் முன்பே எழுதிப் பார்த்திருந்தாள். எழுதியபோது விளையாட்டு அதை ஏற்கவில்லை. எடுத்து வா என்கிற கட்டளையில் நாயின் எசமானின் பேரை எழுத முடியாது, எசமானிடத்தில் நாய் போய்ச் சேரத்தான் முடியும், சேர்ந்த பிறகு எசமான் சொல்லாமல் அவன் காலை விட்டு நகராது. அது அந்த விளையாட்டின் சட்டம். எசமானிடம் போ என்று எழுதி அமுக்கினால் சுக்கான் போகும். திரும்பாது. அவள் இதை றோஸ்லெற்றிடம் சொன்னாள், றோஸ்லெற்றிடம் சொன்னால் துறைக்கே சொன்னதுபோல, வாசலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒங்களுக்கத கடைசில வையி மோளே. எங்களுக்குச் சோலி முடியட்டு."

மெற்றில்டா சரி என்றாள். தன் வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களிடமும் அவள் அதைச் சொல்லவில்லை, நாங்களும் அவர்கள் காதில் போடவில்லை. சொல்கிற நிலையில் வீடு இல்லை.

வியாகுலம்மை அந்தப் பட்டனை யாரும் அமுக்கக் கூடாது என்று இருந்தாள். அவளுக்குக் கணக்கு நேரானது: அமுக்கின வீட்டிலெல்லாம் மணி அடித்தது, அமுக்காத வரைக்கும் அவள் மகன் எங்கோ ஒரு தீவிலோ பிற தேசத்துக் கரையிலோ இருக்கிறான். சுஜிலாவுக்கு அதே கணக்கு மறுபக்கத்திலிருந்து வந்தது. அவள் கல்யாணமாகி ஒரு திருவிழாகூட முழுசாகக் காணவில்லை. அண்ணன்மார் அவளை அழைத்துப்போக வந்து, என்னவென்று சொல்லி அழைத்துப்போவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். ஞாயிறுதோறும் தீர்த்தத் தொட்டியருகே நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போக, கடைசியில் அவள் மட்டும் நின்றாள். உள்ளே போகிறவர்கள் தீர்த்தம் தொட கையை நீட்டும்போது அவளைச் சுற்றி நீட்டுவார்கள், தூணைச் சுற்றி நீட்டுவதுபோல.

"மாமி, ஒருக்க அமுக்குங்க" என்றாள் ஒரு நாள், மீன் அறுத்துக்கொண்டிருந்தவளின் முன்னால் உட்கார்ந்து. "செத்தாரெண்டா அழுதுட்டுக் கெடப்பேன். இருக்காரெண்டா காத்துட்டுக் கெடப்பேன். ரெண்டும் இல்லாம என்னால ஒக்காரவும் முடியல, படுக்கவும் முடியல."

"அமுக்குனா அவன் செத்தான்."

"அமுக்குனதுனால சாவாரா மாமி?"

"செலஸ்டினு அமுக்குறது வரைக்கும் சாவல்லியே" என்றாள் வியாகுலம்மை. கையைக் கழுவாமலே எழுந்து போய், கொண்டையிலிருந்து ஊசியை உருவி, கீபோர்டிலிருந்து 'ஏ' பட்டனை நெம்பிப் பெயர்த்தெடுத்து, மீன்செதிள் ஒட்டிய அந்தச் சின்னக் கறுப்புத் துண்டை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பல் விழுந்த இடம்போல் கீபோர்டில் ஒரு ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து குளிக்கும்போதும் சந்தைக்குப் போகும்போதும் அவள் கை அடிக்கடி இடுப்புக்குப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டது. ஆன்றோவை வேறு எந்தப் பட்டனுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மூச்சுவிடுகிற நேரம் போதும் என்று மெற்றில்டாவுக்குத் தெரியும். அம்மா தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்போது, போய் எப்படிச் சொல்வது.

நோன்புக் காலத்தில் அந்த அறிவிப்பு வந்தது. திரையில் பலூன்கள் பறந்தன, மத்தாப்பு வெடித்தது, இத்தனை காலம் எங்களோடு விளையாடியதற்கு நன்றி, குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலத்தோடு விளையாட்டை நிறுத்துகிறோம் என்று எழுதியிருந்தது. நிறுத்துகிறவனுக்கு எங்கள் துறை இருப்பது தெரியாது, அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுக்கானின் தலைக்கு மேல் பச்சை எழுத்து வெளிறத் தொடங்கியது. மீதமிருந்த வீட்டார் ஓடி வந்தார்கள், நாய் ஓய்வில்லாமல் கடலுக்கும் கரைக்குமாக ஓடியது, ஆசாரி வேலைக்கு ஆள் சேர்த்துக்கொண்டான், மணிக்கயிறு இழுத்து கோவில்பிள்ளையின் உள்ளங்கை பொத்துப்போனது. அந்தச் சனிக்கிழமை விடிந்தபோது ஒரே ஒரு வீடுதான் பாக்கி.

நாங்கள் எல்லோரும் மெற்றில்டாவின் வீட்டுக்கு வெளியே நின்றோம். யாரும் வரச் சொல்லவில்லை. தங்கள் வேலை முடிந்தவர்களுக்கும் வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஜன்னல் வழியே உள்ளே நடப்பது தெரிந்தது. மத்தியானம் திரும்பியபோது சுஜிலா முன்னறைக்கு வந்து கீபோர்டின் ஓட்டையைப் பார்த்தபடி நின்றாள்.

"இனி ஒண்ணும் செய்ய முடியாதா மெற்றில்?"

மெற்றில்டா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "முடியும் மைனி. எந்தப் பட்டனும் போதும். இந்தா, இந்த நீளப் பட்டன்ல இப்ப எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப நீ ஏன் சொல்லல? நான் அந்தத் தொட்டிக்கிட்ட எத்தன ஞாயிறு நிண்ணேன்."

"அமுக்குனா இது திரும்பி வராது மைனி" என்று மெற்றில்டா எல்லாவற்றையும் சொன்னாள், எசமானிடம் போனால் நகராமல் அங்கேயே கிடக்கும் என்பதை, துறைக்காரர்களுக்காகக் கடைசியில் வைத்ததை, அம்மாவிடம் சொல்லப் பயந்ததை. சுஜிலா கேட்டுக்கொண்டே அந்த நீளப் பட்டனின்மேல் கையை வைத்தாள். முற்றத்தில் சுக்கான் காதைத் தூக்கியது. அமுக்கியிருந்தால் முடிந்திருக்கும், அவளுக்கு வேண்டியது அவள் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. ஆனால் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அவியளுக்குத் தெரியாம வேண்டாம்" என்றாள். "பெத்தவிய."

வியாகுலம்மை பின்கட்டில் வெறும் தரையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சுஜிலா போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். உள்ளே பேசியது எங்களுக்குக் கேட்டது, கேட்கக் கூடாது என்று நினைத்தும் காதைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை.

"மாமி, அந்த நாயி அவருகிட்ட போனா திரும்பி வராதாம். அவருக்க காலடிலயே கெடக்குமாம்."

சுஜிலா குரலைத் தாழ்த்தினாள்.

"அதுக்க முதுகுல வெளிச்சம் இரிக்கில்லியா மாமி."

பிறகு வியாகுலம்மை எழுந்து உட்கார்கிற ஓசை கேட்டது, வளையல் தரையில் இடித்தது. "அங்க இருட்டாத்தானே இரிக்கும்" என்றாள். மகன் செத்துப்போனான் என்று அவள் சொன்னது அப்படித்தான். அதற்குமேல் அவள் வாயால் அதைச் சொன்னதை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அவள் முன்னறைக்கு வந்தாள், முந்தி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள், பட்டனை மகளிடம் நீட்டினாள். மெற்றில்டா அதை வாங்கி ஓட்டையில் பொருத்தி அழுத்தினாள். பொருந்தவில்லை, நெம்பியதில் ஒரு கால் முறிந்திருந்தது, ஒருமாதிரி சாய்ந்து உட்கார்ந்தது. நீளப் பட்டனில் எழுதியிருந்ததை அழித்து, அம்மா பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு, அதையே மறுபடி 'ஏ'யில் எழுதினாள். வா, காத்திரு, எசமானிடம் போ. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

"சாயங்காலம் நிப்பாட்டிருவான் இல்லியா?" என்றாள் வியாகுலம்மை. "அதுக்க பெறவு இது அவங்கூட இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நாங்களாக இருந்தால் சொல்லியிருப்போம். மெற்றில்டா, "தெரியாதும்மா" என்றாள். "வெளக்கு அணைஞ்ச மாதிரி பெய்ரலாம். தெரியாது."

வியாகுலம்மை மகளின் முகத்தைப் பார்த்தாள். "ஒரு சாயங்காலமாவது இருக்கட்டு" என்றாள். செதிள் வாடை போகாத தன் விரலை அந்தச் சாய்ந்த பட்டனின்மேல் வைத்து, பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைகிற அழுத்தத்தில் அமுக்கினாள்.

சுக்கான் எழுந்து வாசலுக்கு வந்து காத்திருந்தது, மெற்றில்டா எழுதியிருந்த அந்த ஒரு மூச்சு நேரம். பிறகு ஓடியது. நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம், ஓட முடியாதவர்கள் நடந்தார்கள், சந்தில் தெருநாய்கள் வரிசையாக எழுந்து நின்றன. கரையில் திரையடிக்கிற இடத்தில் அது எப்போதும்போல் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. "போ மக்களே" என்று பிள்ளையிடம் சொல்வதுபோல் அதனிடம் சொன்னாள் வியாகுலம்மை. அது மற்றத் தடவைகளைப்போல ஓடவில்லை. எசமானின் குரல் கேட்ட நாய் எப்படிப் போகுமோ அப்படி, வாலை ஆட்டிக்கொண்டு, துள்ளி, தண்ணீருக்குள் இறங்கியது. மஞ்சள் வெளிச்சம் கடலுக்கடியில் நேராகப் போனது, அங்குமிங்கும் தேடவில்லை, வெகுதூரத்தில் ஓரிடத்தில் நின்றது, நின்ற இடத்திலேயே இருந்தது. சுஜிலா முட்டளவு தண்ணீரில் இறங்கி நின்று அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் திரையில் மத்தாப்பு வெடித்து இருண்டுபோனதாகப் பிறகு மெற்றில்டா சொன்னாள். அந்த நேரத்தில் கடலில் அந்த வெளிச்சம் அணைந்ததா, அல்லது சூரியன் சாய்ந்து கடல் முழுக்க மஞ்சளானதில் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனதா என்று எங்கள் துறையில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

குருத்து ஞாயிறு பூசைக்கு முன்பாக மணி அடித்தது. ஆசாரி கொண்டுவந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பங்குச்சாமியார் நின்றார். மற்றவர்களுக்கு நாய் கொண்டுவந்தது ஏதாவது இருந்தது, ஆன்றோவுக்கு நாய் ஒன்றும் கொண்டுவரவில்லை, இருந்த நாயும் போய்விட்டது. என்ன வைக்க என்று அவர் மெல்லக் கேட்டார். வியாகுலம்மை முந்தியை அவிழ்த்தாள். ராத்திரி மறுபடி பெயர்த்து முடிந்து வைத்திருந்த, கால் முறிந்த அந்தச் சின்னக் கறுப்புப் பட்டனைப் பெட்டிக்கு நடுவில் வைத்து, வைத்தது நேராக இருக்கிறதா என்று பார்த்து, திருத்தி வைத்தாள். பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள். தூக்கிய நான்கு பேருக்கும் கனமே இல்லை, அதனால் மிக மெதுவாக நடந்தார்கள்.

அடக்கம் முடிந்து பூசைக்கு எல்லோரும் உள்ளே போனோம். சுஜிலா பழக்கதோஷத்தில் தீர்த்தத் தொட்டியருகே போய் நின்றாள். பாட்டு தொடங்கிவிட்டது, எல்லோர் கையிலும் குருத்தோலை, யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தோம், எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவள் நடைபாதை நெடுக நடந்து வந்து இடதுபக்கம் முன்வரிசையில், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். வருஷக்கணக்காக அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிற வியாகுலம்மை, பலிபீடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.